கேட்டு போட்டுட்டாங்க டீச்சர்

கொருக்குப்பேட்டையில் தாமதத்துக்குக்
காரணம் ஒன்றுதான்.
ஒன்பது பத்துக்கு
இரண்டாம் வகுப்பு வாசலில்
பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்:
கேட்டு போட்டுட்டாங்க டீச்சர்.

நம்பாமல் இருக்க முடியாது.
நானும் அதே கேட்டில்
வண்டியை அணைத்துவிட்டு நின்றவள்தான்.
என்ன, எனக்கு முந்தின ரயில்.

அதனால் ஒரு சட்டம் போட்டேன்.
கேட்டில் மாட்டினவர்கள் உள்ளே வரலாம்,
கூட்ஸில் எத்தனை பெட்டி என்று
சொல்லிவிட்டு.
ஜூன் மாதம் "நெறைய" என்றார்கள்.
ஆகஸ்டில் இருபது வரைக்கும் போய்
அதற்கப்புறம் நெறைய.
பொங்கல் லீவு முடிந்து வந்தபோது
எஞ்சினைச் சேர்ப்பதா வேண்டாமா என்று
சண்டையே வந்துவிட்டது.

இன்றைக்கு இரண்டு பேர்.
அபினேஷ் ஐம்பத்திரண்டு என்றான்.
அவன் பின்னாலேயே வந்த ஜெனிலியா
நாற்பத்தேழு என்றாள்.
ஒரே ரயில். ஒரே கேட்டு.

பாடம் தானாக வந்து உட்கார்ந்தது.
பலகையில் மேலே 52, கீழே 47.
தரையில் ஐஸ் குச்சிகள்,
பத்துப் பத்தாய் ரப்பர் பேண்டு போட்டவை.
கழுவிக் காயவைத்தும் சிலதில்
சேமியா ஐஸ் வாசம் போகவில்லை.
ஃபவாஸ் மோந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணுவான்.

ரெண்டுல ஏழு போவுமா?
போவாது டீச்சர்.
அப்போ?
பக்கத்து வீட்ல கேக்கணும்.

புத்தகம் இதை இனமாற்றம் என்கிறது.
நான் படித்த காலத்துப் பேச்சு
வாயிலேயே கிடக்கிறது.
"அஞ்சுகிட்ட ஒரு கட்டு கடன் வாங்கு"
என்று சொல்லிவிட்டேன்.

லோகிதா கை தூக்கினாள்.
அவள் கை தூக்கினால்
பாத்ரூமுக்காகத்தான் இருக்கும்.
இன்றைக்கு இல்லை.
"எப்போ டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை.
"வெள்ளிக்கிழம," என்றான் ஒருவன்,
விவரம் தெரிந்தவன் குரலில்.
"எங்களுக்கு செவ்வா. குழு அக்கா வரும்."
"பத்து வாங்குனா பத்தா குடுப்பாங்க?
பன்னெண்டு குடுக்கணும்."
"வீட்ல இல்லன்னு சொல்லிடலாம்."
சொன்ன கிரேசி உடனே
வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினோரு வருஷமாய்
ஐந்திடமும் எட்டிடமும்
கடன் வாங்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஒரு தடவைகூட யாரும் தவணை கேட்டதில்லை.
என் கைப்பையில் நகைக்கடன் நோட்டீஸ்
நாலாக மடித்து இருக்கிறது.
சாக்பீஸ் கையைப் புடவையில் துடைத்தேன்.

"இது அந்தக் கடன் இல்ல.
அம்பதும் ரெண்டும் ஒரே வீடுதான்.
உள்ரூம்ல இருந்து எடுத்தாந்து
முன்ரூம்ல வெக்கிறோம். அவ்ளோதான்."

லோகிதா யோசித்தாள்.
"எங்க வீட்ல ஒரே ரூம்தான்."
சொல்லிக்கொண்டே ரப்பர் பேண்டை அவிழ்த்தாள்.

பன்னிரண்டு குச்சி தரையில் சரிந்தன.
ஏழை எண்ணி எடுத்தது மொத்த வகுப்பும்,
மூன்றாம் வகுப்பு ரோஸ்மேரி டீச்சர்
எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாய்.
மிச்சம் ஐந்து.
நாலுக்கு நாலு சரியாய்ப் போய்
அங்கே ஒன்றும் இல்லை.

அஞ்சு பெட்டி எங்க போச்சு ஜெனி?

அவள் அபினேஷைப் பார்க்கவில்லை,
பலகையையும் பார்க்கவில்லை.
"தம்பிக்கு மூக்கு ஒழுவுச்சு டீச்சர்.
தொடச்சேன்.
அதுக்குள்ள போயிட்ச்சு."

பலகையில் அந்த நாற்பத்தேழை
மதியம்வரை அழிக்கவில்லை.

குச்சிகளை மறுபடி கட்டும்போது
ஒரு ரப்பர் பேண்டு குறைந்தது.
தேடினால் ஃபவாஸ் மணிக்கட்டில்.
குடுடா என்றேன்.

வெள்ளிக்கிழம தரேன் டீச்சர்.